புயல் கரை கடந்த மறுநாள் ஆலா பாக்கப் போறவங்களுக்கு

ஐப்பசியில அடைமழை கார்த்திகையில கனமழைன்னு சொல்லுவாங்க. அந்த ரெண்டு மாசத்துல வங்கக் கடல்ல ஒரு சின்னம் உருவாச்சுன்னா ஊரே பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்க ஓடும், பறவை பாக்குற பைத்தியம் பிடிச்ச ஆளு மட்டும் வீட்டுல உக்காந்து பைனாகுலர் தொடச்சிட்டு இருப்பான். வீட்டுல திட்டுவாங்க, திட்டட்டும். ஏன்னா வருஷம் முழுக்க மெரினாவுல நின்னாலும் கண்ணுல படாத சில பறவைங்க அந்த ரெண்டு மூணு நாள்ல மட்டும் நம்ம கரைக்கு வரும். சூட்டி டெர்ன், பிரைடில்ட் டெர்ன், ஷியர்வாட்டர், ஜேகர், அதிர்ஷ்டம் இருந்தா ஃப்ரிகேட் பேர்ட். இதெல்லாம் நடுக்கடல்ல வாழுற ஜீவன்கள், தானா கரைக்கு வர்ற வழக்கமே பெருசா கிடையாது, புயல் கழுத்தைப் பிடிச்சு தள்ளுனாதான் வரும்.

இதுல டெர்ன்னு சொல்றதுக்கு நம்ம கரையோரத்துல ஆலான்னு அழகான பேரு இருக்கு. பணத்துக்கு ஆலாப் பறக்குறான்னு சொல்றோமே, அந்த ஆலா இந்தப் பறவைதான்னு சொல்றவங்க உண்டு. அது தண்ணி மேல ஒரே இடத்துல சிறகடிச்சு நின்னு, கீழ எட்டிப் பாத்து, சடார்னு விழுறத ஒரு தடவை பாத்தீங்கன்னா நீங்களும் நம்பிடுவீங்க.

முதல்ல நான் சொதப்புன கதையைச் சொல்லிடுறேன். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரை கடந்துச்சு, மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸும் இல்ல. காலைல மரக்கிளை எல்லாம் தாண்டி பெசன்ட் நகர் பக்கம் இருக்குற ஊரூர் குப்பம் போயிட்டேன். ஸ்கோப்பை, அதான் முக்காலியில வெக்குற தொலைநோக்கியை, நட்டு வெச்சு அடிவானத்தையே மூணு மணி நேரம் வெறிச்சுப் பாத்தேன், ரெண்டு கண்ணும் தண்ணி விட்டதுதான் மிச்சம். கிளம்பலாம்னு மடக்கும்போது வலை உதறிட்டு இருந்த ஒரு அண்ணன், "தம்பி, பின்னாடி போட்டு நிழல்ல கருப்பா ஒண்ணு உக்காந்துனு இருக்கு, காக்கா கொத்துது பாரு"ன்னாரு. திரும்பிப் பாத்தா எனக்கு இருபதடி பின்னாடி ஒரு இளசு சூட்டி டெர்ன், உடம்பெல்லாம் கரி, முதுகுல வெள்ளைப் புள்ளி. நான் வந்ததுல இருந்தே அது அங்கதான் உக்காந்திருந்துச்சாம்!

அதனால முதல் விதி, கடலைப் பாக்குறதுக்கு முன்னாடி மணலைப் பாருங்க. போட்டுக்கு அடியில, கடலுக்குள்ள நீட்டிக் கொட்டியிருக்குற தூண்டில் வளைவுக் கல்லுக்கு இடையில, ஒதுங்குன குப்பை மேட்டுல எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து அப்புறம் ஸ்கோப்பைப் போடுங்க. எங்கயாவது காக்கா கூட்டமா சத்தம் போட்டா எலி செத்துக் கிடக்குன்னு விட்டுடாதீங்க, போய்ப் பாருங்க.

இப்போ எந்தப் புயலுக்குப் போகணும்ங்கிறதுக்கு வர்றேன், இதுலதான் பாதிப் பேரு ஏமாறுறாங்க. புயல் பெருசா சின்னதாங்கிறது நமக்கு அவ்ளோ முக்கியம் இல்ல, அது சென்னைக்குத் தெக்க கரை கடக்குதா வடக்க கடக்குதாங்கிறதுதான் விஷயம். நம்ம பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில சுத்தும். மையம் பாண்டிச்சேரி பக்கமோ மாமல்லபுரம் பக்கமோ கரையேறுச்சுன்னா சென்னைக்கு வடகிழக்குல இருந்தும் கிழக்குல இருந்தும் காத்து வரும், அதாவது கடல்ல இருந்து கரைக்கு. பறவையையும் சேத்து அள்ளிட்டு வரும். 2020ல நிவர், 2022ல மாண்டஸ், 2024ல ஃபெஞ்சல் எல்லாம் இந்த ரகம், அவ்ளோ நாள் வாடை வீசுன இடத்துல கொண்டல், அதான் கீழ்க்காத்து, வேகமா அடிக்கும். அதுவே மையம் நமக்குக் கிழக்க கடல்லயே இருந்துக்கிட்டு ஆந்திராவுக்கு ஏறிப் போச்சுன்னா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் பண்ணுன மாதிரி, நமக்கு வடக்குல இருந்தும் வடமேற்குல இருந்தும் காத்து, அப்புறம் மேல்காத்து, அதாவது கரையில இருந்து கடலுக்கு. ஊரே மிதக்கும், ஆனா பறவையை அது கடலுக்கு உள்ளதான் தள்ளும். மிக்ஜாம்ல பாபட்லா பக்கம் கரை கடந்தப்போ இங்க இடுப்பளவு தண்ணியில நின்னவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வயித்தெரிச்சலா இருக்கும், மன்னிச்சுக்கோங்க. வர்தா தனி கேஸ், 2016 டிசம்பர் 12 அது சென்னை மேலயே ஏறுச்சு, முன்பாதி வடக்குக் காத்து, நடுவுல கொஞ்ச நேரம் அமைதி, பின்பாதி தெக்குப் பக்கம் இருந்து திரும்பி அடிச்சுது. அந்த மாதிரி நேரத்துல மையத்துக்குள்ள மாட்டிக்கிட்ட பறவைங்க அதோடவே பயணம் பண்ணி நிலத்துக்குள்ள எங்கயாவது விழும், அதனால பீச்சை விட ஏரிங்களைப் பாக்குறது லாபம்.

ஆப் எல்லாம் பாக்க சோம்பேறித்தனமா இருந்தா ஒரு பழைய வித்தை இருக்கு. காத்து உங்க முதுகுல அடிக்கிற மாதிரி திரும்பி நில்லுங்க, புயல் மையம் உங்க இடது கைப் பக்கம் இருக்கும், இது நம்ம வட அரைக்கோளத்துக்குப் பொருந்தும். மொட்டை மாடியில நின்னே பாத்துக்கலாம். மத்தபடி நுங்கம்பாக்கம் வானிலை மையத்தோட அறிவிப்பும் விண்டி ஆப்ல காத்து அம்புக்குறியும் போதும், அதுக்கு மேல வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் நோட்டு எதையும் நம்பாதீங்க.

எப்போ போகணும்? புயல் அன்னைக்குப் போகவே கூடாது, இதுல விவாதமே இல்ல. கரை கடந்த மறுநாள் காலைல இருந்து ரெண்டு நாள், அவ்ளோதான் வாய்ப்பு. காத்து தணிஞ்சதும் தெம்பு இருக்குற பறவை திரும்பி உள்ள போயிடும், தெம்பு இல்லாதது காக்காவுக்கும் நாய்க்கும் இரையாயிடும், அதனால ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டா கிடைக்காது. எனக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு, துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கிட்டாங்களான்னு நியூஸ்ல பாப்பேன், அப்புறம் குப்பத்துல போட்டு எங்க நிக்குதுன்னு பாப்பேன். ஃபைபர் போட்டை எல்லாம் ரோடு வரைக்கும் இழுத்து வெச்சிருக்காங்கன்னா கடலை நம்மள விட நல்லாத் தெரிஞ்சவங்களே அதை நம்பலன்னு அர்த்தம், நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுடுவேன். வானம் வெளுத்ததுக்கு அப்புறமும் அலை ரெண்டு நாள் முரட்டுத்தனமா இருக்கும், ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் உயர் அலை எச்சரிக்கை கொடுக்கும், அதையும் பாத்துக்கோங்க. மாண்டஸ் அலை மெரினாவுல புதுசா போட்ட மரப்பாதையையே பேத்துச்சு, நம்ம ட்ரைபாட் எம்மாத்திரம்.

இடம். எனக்குக் கேட்டா அடையாறு முகத்துவாரம்தான் முதல் இடம், மத்ததெல்லாம் அப்புறம். பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பம் வழியா வடக்க நடந்தீங்கன்னா 1977ல இடிஞ்ச உடைஞ்ச பாலம் வரும், அந்தப் பக்கம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். கோடையில மணல் அடைச்சு கிடக்குற முகத்துவாரம் மழை வெள்ளத்துல உடைச்சிக்கிட்டு அகலமா ஓடும், ரெண்டு பக்கமும் மணல் திட்டு நீளும், களைச்சுப் போன ஆலா எல்லாம் அந்தத் திட்டுலதான் ஒரே திசையைப் பாத்து, காத்துக்கு முகத்தைக் கொடுத்து வரிசையா உக்காரும். நூறு கொண்டை ஆலாவுக்கு நடுவுல ஒரே ஒரு கருப்பு முதுகு உக்காந்திருக்கும், அதுதான் நீங்க தேடி வந்தது. ஆத்துல வர்ற ஆகாயத்தாமரையும் குப்பையும் கடல்ல கலக்குற கோடு இருக்கே, செம்மண் தண்ணியும் பச்சைத் தண்ணியும் தனித்தனியா தெரியும், அந்தக் கோட்டு மேல பறவைங்க மேயும், அதை விடாம பாருங்க. ஆனா செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து ஆத்துக்குத் தண்ணி திறந்திருக்காங்கன்னா ஆத்து ஓரத்துல இறங்காதீங்க, மணல் கரை நீங்க நின்னுட்டு இருக்கும்போதே பொத்துன்னு சரியும். உடைஞ்ச பாலத்து மேலயும் ஏறாதீங்க, பறவைக்காகவும் வேணாம் போட்டோவுக்காகவும் வேணாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இன்னொரு ரகம். மீன் கழிவுக்கு கடற்காகமும் பருந்தும் செம்பருந்தும் மொய்க்கும், அலையைத் தடுக்க உசரமான கல் சுவர் இருக்கு. உசரம் ஏன் முக்கியம்னா தட்டையான மணல்ல நின்னு பாத்தா அடிவானம் நாலரை கிலோமீட்டர் தூரம்தான், கண்ணு அஞ்சு மீட்டர் உசரத்துக்குப் போனா எட்டு கிலோமீட்டர் ஆயிடும், அதோட அலைக்கு நடுவுல இறங்கி ஏறுற பறவை மறையாம தெரியும். காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் வரிசையா தூண்டில் வளைவு இருக்கு, ஆனா ஈரக்கல்லுல பாசி இருக்கும், செருப்பு போட்டு ஏறி நான் ஒரு தடவை முட்டியைப் பேத்துக்கிட்டேன். மெரினா நடு மணல்ல நிக்குறது வேஸ்ட், தண்ணி எங்கயோ இருக்கும். தெக்க கோவளம் முட்டுக்காடு நல்லாருக்கும், வடக்க பழவேற்காடு அருமை, ஆனா மழையில ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பீச்சுக்கே போக முடியலையா, கவலைப்படாதீங்க. பள்ளிக்கரணை, போரூர் ஏரி மாதிரி பக்கத்துல இருக்குற நீர்நிலையைப் போய்ப் பாருங்க, கடல் ஆலா ஏரியில பறக்குறது புயல் நேரத்துல நடக்குற விஷயம்தான். மீசை ஆலா ஏரிங்களுக்கு எப்பவும் வர்றது, அதைப் பாத்து ஏமாறாதீங்க.

வெளிச்சம் பத்தி ஒரு வார்த்தை. மேற்குக் கடற்கரைக்காரங்க சொல்ற காலைல போங்கங்கிற அட்வைஸ் நமக்கு அப்படியே ஒத்து வராது, நம்ம கடல்ல சூரியன் கடலுக்கு உள்ள இருந்து எழும்பும், வானம் தெளிஞ்சிருந்தா எட்டு மணிக்கு எல்லாப் பறவையும் கருப்பு நிழல்தான். மேகம் மூடியிருந்தா காலைல போங்க. வெயில் அடிச்சா மூணு மணிக்கு மேல போங்க, சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், இறகுல இருக்குற ஒவ்வொரு கோடும் தெரியும். காலைலதான் முடியும்னா வடகிழக்கு பாத்து உக்காருங்க, டிசம்பர்ல சூரியன் தென்கிழக்கா சாஞ்சு எழும்புறதால அந்தப் பக்கம் கொஞ்சம் பரவாயில்ல.

சாமான் பெருசா வேணாம். எட்டுக்கு நாப்பத்திரெண்டு (எட்டு மடங்கு பெருசாக் காட்டும், லென்ஸ் 42 மி.மீ.) பைனாகுலர் ஒண்ணு, ஸ்கோப் இருந்தா நல்லது, குடை வேஸ்ட் ரெயின்கோட் போதும். லென்ஸ்ல உப்புச்சாரல் பட்டா உடனே கைலியால தேய்ச்சுடாதீங்க, உப்பு கீறிடும், நல்ல தண்ணி ரெண்டு சொட்டு விட்டு கழுவிட்டு அப்புறம் ஒத்தி எடுங்க.

பாக்குறதுல ஒரு முறை இருக்கு. பைனாகுலர்ல அடிவானக் கோட்டை நடுவுக்குக் கொஞ்சம் மேல வெச்சுக்கிட்டு இடதுல இருந்து வலதுக்கு மெதுவா, ரொம்ப மெதுவா நகத்துங்க, ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகணும். பறவையைத் தேடாதீங்க, அசைவைத் தேடுங்க. வெளித் துறைமுகத்துல நங்கூரம் போட்டு நிக்குற கப்பலுங்களை அடையாளம் வெச்சுக்கோங்க, கூட நிக்குறவருக்கு அதோ அதோன்னு கை காட்டுனா அவரு உங்க விரலைத்தான் பாப்பாரு, சிவப்புக் கப்பலுக்கு ரெண்டு விரக்கடை வலதுல, தண்ணியை ஒட்டி, வடக்க போகுதுன்னு சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணை எடுத்து வெறும் கண்ணால தலைக்கு மேலயும் பாருங்க.

இனி எது எதுன்னு கண்டுபிடிக்கிறது. இதுக்கு புயலுக்கு முன்னாடியே செப்டம்பர் அக்டோபர்ல நாலு தடவை போய் சாதாரண ஆலாங்களைப் பழகிக்கணும், இதைச் செய்யாதவங்களுக்குப் புயலுக்கு மறுநாள் எல்லாமே அபூர்வப் பறவையாத் தெரியும். பெரிய கொண்டை ஆலாவுக்கு மஞ்சள் அலகு, சின்ன கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு, சாண்ட்விச் ஆலாவுக்குக் கருப்பு அலகு, நுனியில மட்டும் மஞ்சள் தொட்டு வெச்ச மாதிரி. காஸ்பியன் ஆலாவை யாரும் தவற விட முடியாது, காக்காவை விடப் பெருசு, அலகு கேரட் கணக்கா இருக்கும். நவம்பர்ல பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக் திபெத் பக்கம் இருந்து வந்து இறங்கியிருக்கும், குளிர்காலத்துல தலை பழுப்பா இருக்காது, கண்ணுக்குப் பின்னாடி ஒரு மை தீத்துன மாதிரி புள்ளி மட்டும்தான், இறக்கை நுனிக் கருப்புல வெள்ளைப் பொட்டு தெரியும். நம்ம ஊர்ல பாதிப் பேரு இதைத்தான் கடல் புறாம்பாங்க.

இப்போ விருந்தாளிங்க. சூட்டி டெர்னும் பிரைடில்ட் டெர்னும் ரெண்டுமே மேல கருப்பு கீழ வெள்ளை, குழப்பும். நெத்தியைப் பாருங்க, சூட்டிக்கு அந்த வெள்ளை கண்ணுக்கிட்ட வந்து நின்னுடும், பிரைடில்டுக்கு கண்ணைத் தாண்டி புருவம் எழுதுன மாதிரி பின்னாடி நீளும். சூட்டி முதுகு அடுப்புக்கரி, தலையும் முதுகும் ஒரே கருப்பு. பிரைடில்ட் முதுகு பழுப்பு கலந்த சாம்பல், கழுத்துல கொஞ்சம் வெளிறுன பட்டை இருக்கும். இளசு சூட்டி நான் சொன்ன மாதிரி உடம்பெல்லாம் கரி, இதை நாடின்னு (அதுவும் ஒரு கருப்புக் கடல் பறவை) எழுதிட்டு வர்றவங்க உண்டு, வாலைப் பாருங்க, நாடிக்கு ஆப்பு மாதிரி இருக்கும் இதுக்குப் பிளந்திருக்கும். கரையில விழுந்து கிடக்குறது ஏன் பெரும்பாலும் சூட்டியா இருக்குன்னா, அதோட இறகு நல்லா எண்ணெய்ப்பசை பிடிச்சது இல்ல, தண்ணியில ரொம்ப நேரம் உக்காந்தா ஊறிப்போகும், அதனால கூட்டை விட்டுக் கிளம்புன குஞ்சு முதல் தடவை முட்டை வைக்கத் திரும்புற வரைக்கும் வருஷக்கணக்குல வானத்துலயே இருக்கும். அப்படிப்பட்ட பறவையை நாலு நாள் புயல் சாப்பிட விடாம சுத்துனா என்ன ஆகும்.

ஷியர்வாட்டர் தூரத்துலதான் போகும், இறக்கையை மரப்பலகை மாதிரி விறைப்பா வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் சாஞ்சு அலைக்குள்ள இறங்கும், அப்புறம் மறு பக்கம் சாஞ்சு மேல வரும், சிறகடிக்கிறதே அபூர்வம். ஆலா துள்ளித் துள்ளிப் பறக்கும், இது வழுக்கும், இந்த வித்தியாசம் போதும். சிட்டுக்குருவி சைஸ்ல கருப்பா ஒண்ணு காலைத் தொங்க விட்டு தண்ணி மேல நடக்குற மாதிரி தத்துனா ஸ்டார்ம் பெட்ரல், முதுகும் வாலும் சேருற இடத்துல வெள்ளை இருந்தா பெரும்பாலும் வில்சன், அண்டார்டிகா பக்கத்துல முட்டை வைக்கிறது. ஜேகரை நேரா தேடாதீங்க, ஆலாக் கூட்டம் திடீர்னு கலைஞ்சு கத்துனா அங்க பாருங்க, ஒரு தடிச்ச நெஞ்சுக்காரன் வல்லூறு வேகத்துல ஒரு ஆலாவைத் துரத்தித் துரத்தி அது வாயில இருக்குற மீனைக் கக்க வெச்சு அந்தரத்துலயே பிடிச்சுத் தின்னுவான், பக்கா ரவுடி.

ஃப்ரிகேட் பத்தி எச்சரிக்கை, காசிமேட்டுல நின்னுக்கிட்டு பெருசா கருப்பா பிளந்த வாலோட ஒண்ணு தெரிஞ்ச உடனே கூவாதீங்க, நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது அது பருந்துதான். ஃப்ரிகேட்டுக்கு இறக்கை ரொம்ப நீளம், ஒல்லி, நடுவுல மடங்கி இருக்கும், வால் கத்திரிக்கோல் மாதிரி ஆழமா பிளந்திருக்கும், பத்து நிமிஷம் பாத்தாலும் சிறகடிக்காது. நான் கூவி அவமானப்பட்டது மூணு தடவை.

கீழ விழுந்த பறவை கிடைச்சா என்ன பண்றதுன்னு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். பாவம்னு தூக்கி தண்ணியில விடாதீங்க, செத்துடும். வானத்துல எறியாதீங்க. பால், சோறு, பிரெட்டு, வாயில தண்ணி ஊத்துறது எதுவுமே வேணாம். கையுறை இல்லாட்டி ஒரு துண்டைப் போட்டு இறக்கையோட சேத்து மூடித் தூக்குங்க, மூஞ்சிக்கிட்ட கொண்டு போகாதீங்க, ஆலா அலகு கண்ணுக்குத்தான் வரும். நாலு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில, அடியில துணி விரிச்சு, மூடி, சத்தம் இல்லாத இருட்டு இடத்துல வைங்க. அப்புறம் கிண்டி வனத்துறைக்கோ, வேளச்சேரி புளூ கிராஸுக்கோ, பெசன்ட் நகர்ல இருக்குற பெசன்ட் மெமோரியல் மிருக ஆஸ்பத்திரிக்கோ போன் பண்ணிக் கொண்டு போங்க. வீட்டுல வெச்சு வளக்குறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், குழந்தைங்க கேட்டாலும். உடம்புல எண்ணெய் ஒட்டியிருந்தா நீங்களே சோப்பு போட்டுக் கழுவாதீங்க, மிக்ஜாமுக்கு அப்புறம் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவி கூழைக்கடா எல்லாம் கருப்பா நின்னுச்சே, அந்த மாதிரி பறவையைப் பழக்கப்பட்டவங்க மட்டும்தான் கழுவணும். செத்துக் கிடந்தா வெறும் கையால தொடாம போட்டோ எடுங்க, காலுல ஆராய்ச்சிக்கு மாட்டுன வளையம் இருந்தா அதோட எண் தெளிவா தெரியுற மாதிரி எடுத்து பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு அனுப்புங்க.

தனியாப் போகத் தயக்கமா இருந்தா மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978ல இருந்து இருக்கு, அதுல யாராவது ஒருத்தரோட ஒட்டிக்கோங்க, ஒரு காலைப்பொழுதுல பத்து வருஷத்து விஷயம் கத்துக்கலாம். கத்துக்க இன்னொரு இடம் குப்பத்து டீக்கடை. புயலுக்கு அப்புறம் முதல் தடவை கடலுக்குப் போயிட்டு வர்ற அண்ணன்களைக் கேளுங்க, "அண்ணா, உள்ள கருப்பு ஆலா ஏதாச்சும் பாத்தீங்களா, எவ்ளோ பாகம் தண்ணியில"ன்னு. பாகம்னா அவங்க கடல் ஆழம் சொல்ற அளவு. மொபைல்ல படத்தைக் காட்டிக் கேட்டா இன்னும் நல்லது, ஆனா அவங்களுக்கு வலை போச்சா போட்டு உடைஞ்சுதான்னு முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் கேளுங்க.

வீட்டுக்கு வந்து துணி மாத்துறதுக்கு முன்னாடி பறவைக் கணக்கு பதியுற ஈபேர்ட்ல லிஸ்ட்டைப் போட்டுடுங்க, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், காத்து எந்தத் திசை, எந்தப் பறவை எந்தப் பக்கம் போச்சு, எத்தனைன்னு. ஒண்ணுமே கிடைக்கலன்னாலும், காக்கா முப்பது, பருந்து பதினொண்ணு, கொண்டை ஆலா நாலுன்னு அதையும் போடுங்க.